அஞ்சு மெக்கானிக்கின் காது

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. தெருவுக்கும் பட்டறைக்கும் அவர் ‘அஞ்சு’. வயதில் சிறியவர்களுக்கு அஞ்சண்ணன். கல்யாணமான புதிதில் யாரோ வாசலில் வந்து “அஞ்சு இருக்காரா?” என்று கேட்க, அவர் மனைவி “அப்படி இங்க யாரும் இல்லைங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து தெருமுனை வரை ஓடவேண்டியதாயிற்று.

அந்தப் பெயரை வாங்கித் தந்தது ஓர் இன்ஜின். நாலு சிலிண்டர் இன்ஜினை எல்லா மெக்கானிக்கும் அறிவான். ஆறு சிலிண்டர் லாரிக்காரர்களுக்குப் பழக்கம். ஒரே வரிசையில் ஐந்து சிலிண்டர் நிற்கும் இன்ஜின்தான் எவருக்கும் பிடிபடாத பிறவி. நாலின் பலம் போதவில்லை, ஆறு வைத்தால் மூக்கு நீண்டு பானெட்டுக்குள் அடங்காது என்று எந்தப் பொறியாளரோ நடுவில் நின்று யோசித்துச் செய்த சமரசம் அது. சில கார்களிலும் வேன்களிலும் ஆம்புலன்சுகளிலும் அதைப் பொருத்தினார்கள். அவர் வேலை பழகிய பெரிய பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தபோது, மூத்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். இவர் மட்டும் கழற்றி, மாட்டி, ஓடவிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அஞ்சு.

அந்த இன்ஜினின் ஓசை அவருக்கு உயிர். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, மூன்று என்பது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை. நாலு சிலிண்டரில் ஒருவன் தள்ளி முடித்த பிறகுதான் அடுத்தவன் தள்ளுவான். ஐந்தில் அப்படியில்லை, ஒருவன் கையை எடுக்கும் முன்பே அடுத்தவன் கைகொடுத்துவிடுவான். ஆனால் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் இன்ஜின் முன்னும் பின்னுமாக லேசாக ஆடும். ஓசையிலும் ஒரு குழைவு, ஒரு சாய்வு இருக்கும். பழகாதவர்கள் அதைக் கோளாறு என்று நினைப்பார்கள். “அது நொண்டலைங்க, அதோட நடையே அப்படித்தான்” என்று எத்தனையோ பேரை அவர் சமாதானம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாகவும் இருந்தது.

தனிப் பட்டறை போட்டபோது கூட வந்து சேர்ந்தவன் மனைவியின் தம்பி. நல்ல கைவேலைக்காரன், வாய் குறைவு. ஓடும் டீசல் இன்ஜினில் எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று கண்டுபிடிக்க அவன் ஊரார் செய்வதைத்தான் செய்வான். டீசல் போகும் குழாய்களின் நட்டை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது தப்புச் சத்தம் நிற்கிறது என்று பார்ப்பான். அஞ்சு அதைப் பார்த்துச் சிரிப்பார். “ஸ்பானரைத் தொட்டாத்தான் தெரியும்னா காது எதுக்குடா, கண்ணாடி மாட்டவா?” கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்ப்பார். “நாலாவது” என்பார். திறந்து பார்த்தால் நாலாவதாகவே இருக்கும். டீக்கடையில் நிற்பவர்கள்கூட டம்ளரோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவருக்கும் அப்படி நாலு பேர் நின்றால்தான் கண்ணை மூடவே தோன்றும்.

காது மந்தமானது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் தொலைபேசி மணி போயிற்று. பிறகு பேரக்குழந்தையின் மழலை. மனைவி சமையலறையிலிருந்து பேசுவது சுவருக்குப் பின்னால் பேசுவதுபோல் ஆயிற்று. “இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாங்க” என்று குற்றத்தை ஊர்மேல் போட்டார். எதிராளியின் உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். பிறர் சிரிக்கும்போது சிரித்தார். பிறர் உச்சுக்கொட்டும்போது உச்சுக்கொட்டினார். பட்டறையில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இன்ஜினின் தாளம் தரை வழியாகக் காலில் ஏறி நெஞ்சுக்குள் பழையபடியே கேட்டது. தன் காது வீட்டில்தான் கெட்டுப்போயிருக்கிறது, பட்டறையில் நன்றாக இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார்.

அந்த நாட்களில்தான் டயாலிசிஸ் மையத்தின் வேன் அவரிடம் வரத் தொடங்கியது. நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டுபோய், ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் வேன். ஐந்து சிலிண்டர் டீசல். ஓட்டியது ஒரு பெண்மணி. எல்லாரும் வேன்காரம்மா என்பார்கள். நோயாளிகள் இறங்கும்போது தோளைக் கொடுப்பாள், குளிர்ந்துபோன கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிடுவாள். மெல்லிய குரல். அந்தக் குரல்தான் அஞ்சுவுக்குப் பெரிய இடைஞ்சல்.

ஒரு நாள் முற்பகலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பட்டறையில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவள் பானெட்டைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். இவருக்கு ‘அண்ணே’ கேட்டது, ‘சத்தம்’ கேட்டது, ‘காலையில’ கேட்டது. மிச்சத்தை ஊகித்துக்கொண்டார்.

“ஸ்டார்ட் பண்ணும்மா” என்றார்.

கையைப் பின்னால் கட்டினார். கண்ணை மூடினார். தாளம் வந்தது, அதே குழைவு, அதே சாய்வு. ஒரு பிசிறும் இல்லை.

“ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு.”

அவள் மறுபடி ஏதோ சொன்னாள். இந்தத் தடவை கையால் தட்டிக் காட்டினாள், கதவைத் தட்டுவதுபோல. புகை என்றும் சொல்லியிருக்க வேண்டும், பின்பக்கம் கைகாட்டினாள். மைத்துனன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். அதைப் பார்த்ததும் அஞ்சுவுக்குச் சுருக்கென்றது. தான் சொன்ன பிறகு ஸ்பானரா?

“ஏம்மா, இதுக்கு முன்னால நாலு சிலிண்டர் வண்டிதானே ஓட்டினே?” என்றார் சத்தமாக.

அவள் தலையாட்டினாள்.

“அதான். இந்த இன்ஜினோட பாட்டு உனக்குப் பழகல. கல்யாண வீட்டுல நாலு பேர் நேரா நடந்துபோனா, அஞ்சாவது ஆளு கொஞ்சம் சாய்ஞ்சு நடந்தா, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவியா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் “அதுவும் சரிதான்” என்று எடுத்துக் கொடுத்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. பானெட்டைத் தானே மூடிவிட்டு, ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மைத்துனன் ஸ்பானரை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

அடுத்த வாரம் வேன் நடுவழியில் நின்றது. உச்சிவெயில், ஏற்றமான சாலை, உள்ளே சிகிச்சை முடிந்து துவண்டுபோன நோயாளிகள். படாரென்று ஓர் அடி, அப்புறம் பானெட்டுக்கு அடியிலிருந்து புகை, சாலையெங்கும் எண்ணெய். வேன்காரம்மா எல்லாரையும் ஒவ்வொருவராக இறக்கியிருக்கிறாள். இருக்கையின் மெத்தையைப் பிடுங்கி நடைபாதையில் போட்டு, உட்கார முடியாத ஒரு பாட்டியம்மாவை அதில் படுக்கவைத்து, வேறு வண்டி வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பாட்டியம்மா இரண்டு நாள் மருத்துவமனையில் கிடக்கும்படி ஆயிற்று.

வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அஞ்சு தானே முன்னின்று இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றினார். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலையில் ஓட்டை. விளிம்பு மெழுகு உருகினாற்போல் வழிந்திருந்தது. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த சிலிண்டருக்கு டீசலைத் தூவவேண்டிய இன்ஜெக்டர், தூவாமல் ஒழுகவிட்டிருக்கிறது. ஒழுகிய டீசல் நேரங்கெட்ட நேரத்தில் எரிந்து பிஸ்டனைத் தின்றிருக்கிறது. அப்படி ஒழுகும்போது இன்ஜின் சும்மா இருக்காது. இரும்பில் சிறு சுத்தியலால் அடிப்பதுபோல் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். நாட்கணக்கில் தட்டியிருக்கும். கதவைத் தட்டுவதுபோல் அவள் கையால் காட்டியது அவர் கண்முன் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மையத்தின் மேலாளர் வந்து சேர்ந்தார். சலவைச் சட்டையில் எண்ணெய் பட்டுவிடாமல் எட்டி நின்று பிஸ்டனைப் பார்த்தார்.

“என்னங்க இது, இப்படிப் பொத்துக்கிட்டுப் போயிருக்கு? போன வாரம்தானே உங்ககிட்ட காட்டிட்டு வந்தாங்க?”

“ஆமா” என்றார் அஞ்சு.

“அப்ப நல்லா இருந்துச்சா?”

மைத்துனன் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தான். அஞ்சு கழற்றிய நட்டுகளை ஒரு தட்டில் அள்ளிப் போட்டார்.

“இருந்துச்சு.”

“அப்ப ஓட்டினதுலதான் கோளாறு. ஏத்தத்துல அடிச்சு ஓட்டியிருப்பாங்களோ?”

வண்டியை அளவுக்கு மீறி விரட்டினாலும் பிஸ்டன் உருகும். இது எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அந்த உண்மையைத்தான் அவர் அப்போது பிடித்துக்கொண்டார்.

“விரட்டினாலும் இப்படி ஆகும்” என்றார்.

பொய் ஒரு சொல்கூட இல்லை. மேலாளர் தலையசைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வேன்காரம்மாவுக்கு அங்கே வேலை இல்லை.

இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்து அனுப்பும்வரை பட்டறையில் மாமனும் மைத்துனனும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடியபடி மைத்துனன்தான் வாயைத் திறந்தான். அவர் முகத்துக்கு நேரே வந்து, உதடு தெரியும்படி நின்றுகொண்டு பேசினான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இவன் கொஞ்ச காலமாகவே இப்படி நின்றுதான் பேசுகிறான் என்று.

“அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சு மாமா.”

“என்ன கேட்டுச்சு?”

“மூணாவதுல தட்டுச்சு. டீக்கடைக்காரருக்கே கேட்டுச்சு. நீங்க சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்றது?”

அவர் கையிலிருந்த சோற்றுருண்டை கையிலேயே இருந்தது. டீக்கடைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் தான் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நின்றபோது, சுற்றி நின்றவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்? அந்த ஒரு கேள்வி அவரைக் கூனிக்குறுக வைத்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

“உங்க காது போயி எவ்வளவு நாளாச்சு. நான்தான் சமையல்கட்டுலேர்ந்து கத்திக் கத்தி என் தொண்டை போச்சு” என்றாள். பிறகு அருகில் வந்து உட்கார்ந்தாள். “உங்களுக்கு அஞ்சுன்னு பேர் வெச்சது ரொம்பப் பொருத்தம். காது கேக்கலன்னு சொல்றதுக்கு இப்படியா ஒருத்தர் அஞ்சுவாரு?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “காது கேக்கலன்னு சொல்லலாம். அந்தப் பொம்பளைய மாட்டிவிட்டதை என்னன்னு சொல்றது?” என்றார்.

மறுநாள் அவளே அவரைக் கிளப்பி அழைத்துப் போனாள்.

காது மருத்துவமனையில் பஞ்சு வைத்துத் தைத்ததுபோன்ற ஒரு சிறிய அறையில் அவரை உட்காரவைத்து, ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கீழ்க்குரல் ஓசைகளுக்கு அழுத்தினார். பிறகு அமைதி. அமைதி நீண்டுகொண்டே போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் பரிசோதிக்கும் பெண் விரலால் எதையோ திருகிக்கொண்டேயிருப்பதைப் பார்த்தார். ஓசை வந்துகொண்டுதான் இருக்கிறது, தனக்குத்தான் வரவில்லை என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதும் பிள்ளையைப்போல், அவள் விரல் அசையும்போது பொத்தானை அழுத்தத் தொடங்கினார். இரண்டாவது முறை அழுத்தியதும் தன்மேலேயே அருவருப்பு வந்து, பொத்தானை மடியில் போட்டுவிட்டார்.

“அடிச்சத்தம் எல்லாம் கேக்குதுங்க ஐயா. மேல்சத்தம்தான் சுத்தமாப் போயிடுச்சு” என்று அந்தப் பெண் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். “மணி, விசில், குழந்தைங்க குரல், இரும்புல தட்டுற சத்தம்…”

“புரியுதும்மா” என்றார். தாளம் கேட்டது, தட்டல் கேட்கவில்லை. தன் வாழ்நாள் முழுக்க எந்த இரைச்சலை ரசித்தாரோ, அந்த இரைச்சலே தின்றது போக விட்டுவைத்த மிச்சத்தைத்தான் இத்தனை நாளாகக் கேட்டிருக்கிறார்.

காதுக்கருவி மாட்டிய மறுநாளே டயாலிசிஸ் மையத்துக்குப் போனார். மேலாளர் அறையில் இல்லை. நோயாளிகள் காத்திருக்கும் நீள வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் வேன்காரம்மாவைக் கேலி செய்ததை நாலு சுவருக்குள் சொல்வது சரியாகப்படவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னார். காது கேட்காததைச் சொன்னார், இன்ஜெக்டர் ஒழுகியதைச் சொன்னார், அந்தம்மா சொல்லியும் தான் கேட்கவில்லை என்றார். ஸ்பானரால் ஒரு நட்டைத் தளர்த்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்பதையும் விடாமல் சொன்னார்.

மேலாளர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“நான் அன்னைக்கே கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாமே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சக்கர நாற்காலியிலிருந்து ஒரு பாட்டியம்மா, “இவரா? இவராலயா நான் ரோட்டுல கிடந்தேன்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். புதுக்கருவி அதை ஓர் எழுத்து விடாமல் அவர் காதில் கொண்டுவந்து போட்டது.

வேன்காரம்மாவின் வீடு ஓர் அச்சகத்துக்கு மேலே, குறுகிய மாடிப்படி ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. அவள் சீருடையில் இருந்தாள். சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்தால், துணி வெளுக்கும் நிறுவனம் ஒன்றில் சரக்கு வேன் ஓட்டுகிறாள் போலும். உள்ளே வரச் சொன்னாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதையே அவருக்கு முள்ளாகக் குத்தியது.

“மேலாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. உன்னைத் திரும்பக் கூப்பிடுறதாச் சொன்னாரு. என்னை மன்னிச்சிடு.”

கீழே அச்சு இயந்திரம் ஓடும் அதிர்வு தரையில் வந்துகொண்டிருந்தது.

“வேலை போனதுகூட எனக்குப் பெரிசா இல்லண்ணே. வண்டி ஓட்டத் தெரிஞ்சவளுக்கு ஏதோ ஒரு வண்டி கிடைக்கும்” என்றாள். “ஆனா அன்னைக்கு நீங்க சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க பாருங்க. அதுக்கப்புறம் என் காதுமேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. சத்தம் நாளுக்கு நாள் ஏறிச்சு. பெரிய மெக்கானிக்கே ஒண்ணும் இல்லங்கிறாரு, நமக்குத்தான் தெரியலன்னு நெனைச்சேன். கடைசில அது காதுல விழக்கூடாதுன்னு ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கிட்டு ஓட்டினேன். அந்தப் பாட்டியம்மாவைப் படுக்கவெச்சுக் குடை பிடிக்கிறப்ப எனக்கு அதுதான் மனசுல ஓடிச்சு. நான் ஏன் ரேடியோ போட்டேன்னு.”

அவர் காது கெட்டது விதி. அவளுடைய கேட்கும் காதை அவரே கெடுத்திருக்கிறார். வெட்கம் என்பது முகத்தில் ஏறும் சூடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அது அப்படியில்லை, கை காலெல்லாம் கனத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது என்று அந்த நாற்காலியில் தெரிந்தது.

“தண்ணி குடிங்கண்ணே” என்று டம்ளரை நீட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

நோயாளிகள் கேட்டுக்கொண்டதால் அவள் பழைய வேலைக்கே திரும்பிப் போனாள். ஆனால் வேன் அதற்குப் பிறகு இந்தப் பட்டறைக்கு வரவில்லை. ஊரின் மறுகோடியில் வேறொரு ஷெட்டில் விடுகிறாள் என்று மைத்துனன் விசாரித்துச் சொன்னான். “அதான் சரி” என்றார் அவர்.

பட்டறையில் இப்போது வண்டி வந்து நின்றதும் அவர் முதலில் கேட்பது, “உங்களுக்கு என்ன கேக்குது, சொல்லுங்க” என்பதுதான். மெதுவாகப் பேசுகிறவர்களைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். சொல்பவர் முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. பிறகு மைத்துனனைப் பார்த்துத் தலையசைப்பார். அவன் ஸ்பானரோடு வருவான். கருவி மாட்டினால் இன்ஜின் தகர டப்பாவை உருட்டுவதுபோல் கேட்கிறது. எந்தக் குழைவும் இல்லை, எந்தச் சாய்வும் இல்லை. அதை அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஒரு காலை, சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக ஸ்கூட்டரை நிறுத்தியபோது, பக்கத்தில் அந்த வேன் வந்து நின்றது. உள்ளே நோயாளிகள் ஜன்னலில் தலைசாய்த்திருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்தார்; உடனே வெட்கப்பட்டு நிமிர்ந்துகொண்டார். அவள் பார்த்துவிட்டாள். கண்ணாடியை இறக்கி, அவர் தன் உதட்டைப் படிக்க வசதியாக முகத்தை நேரே திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நல்லா ஓடுதுண்ணே.”

அவர் தலையாட்டினார். விளக்கு மாறியது, வேன் முன்னால் போயிற்று. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஒலியெழுப்பிய பிறகுதான் அவர் ஸ்கூட்டரை நகர்த்தினார்.